முதல் ஆம்ப்ளிஃபையர்: முன்பக்க வாட் எண்ணை விடுங்கள், பின்பக்கத்தைப் பாருங்கள்

இப்போது வரும் டிவிகள் விரல் தடிமன்கூட இருப்பதில்லை. அந்த இடுக்கில் நல்ல ஸ்பீக்கரை வைக்க வழியே இல்லை. வைத்திருப்பதும் தரையைப் பார்த்தோ பின்சுவரைப் பார்த்தோதான் ஒலிக்கிறது. அதனால்தான் 65 அங்குல டிவி வாங்கியவர்கள்கூட வசனம் பிடிபடாமல், தமிழ்ப் படத்துக்கே ஆங்கில சப்டைட்டில் போட்டுப் பார்க்கிறார்கள்.

பலரும் இதற்கு ஒரு சவுண்ட்பாரை வாங்கி வைத்துவிடுகிறார்கள். தப்பில்லை. வீட்டில் பாட்டு கேட்பவர் யாரும் இல்லை, வயர் கண்ணில் படக்கூடாது என்றால் நீங்களும் அதையே செய்யலாம், மேலே படிக்க வேண்டியதில்லை. படமும் வேண்டும், இளையராஜாவின் பேஸ் கிட்டார் எங்கே நடக்கிறது என்று கேட்கவும் வேண்டும் என்பவர்களுக்குத்தான் ஆம்பும் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) இரண்டு நல்ல ஸ்பீக்கரும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பத்து வருடம் கழித்து ஆம்ப் பழசாகிப்போனாலும் ஸ்பீக்கர் அப்படியே இருக்கும், ஆம்பை மட்டும் மாற்றினால் போதும். சவுண்ட்பாரில் ஒரு பாகம் போனால் முழுவதும் போனது மாதிரிதான்.

முதல் படி: கூடத்தை அளங்கள்

கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டிவியிலிருந்து சோஃபாவுக்கு எத்தனை மீட்டர், டிவிக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு இடம், டிவி மேசையின் தட்டு எவ்வளவு உயரமும் ஆழமும் என்பவைதான் அவை.

சிங்கப்பூரின் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் பெரும்பாலும் சோஃபா பின்சுவரை ஒட்டியே இருக்கும். ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் சமையலறைக்கோ அறைகளுக்கோ போகும் வழி. 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கென்றே ஒரு சப்வூஃபரும் என்றால், பின்பக்க ஸ்பீக்கர் இரண்டும் காதுக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ நிற்க வேண்டும். ஒன்றை ஜன்னல் பக்கம் எப்படியாவது வைத்துவிடலாம். இன்னொன்று நடைபாதை நடுவில் நிற்கும், அதன் வயர் டைல்ஸ் மேல் ஓடும். கடைசியில் இரண்டையும் சோஃபாவுக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டு, ஆறாவது மாதம் கழற்றிப் பரணில் போடுவார்கள்.

அதனால் என் கருத்து இதுதான்: வீவக வீட்டில் முதல் தடவை வாங்குபவருக்கு 2.0, அதாவது இரண்டு ஸ்பீக்கர் மட்டும் போதும், பிறகு சப்வூஃபர் சேர்த்து 2.1 ஆக்கிக்கொள்ளலாம். ஒரே காசை ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்தால் ஐந்தும் சுமாராக இருக்கும், இரண்டில் போட்டால் இரண்டும் நன்றாக இருக்கும். இசை பெரும்பாலும் இரண்டு சானலில்தான் பதிவாகியிருக்கிறது.

படத்தின் வசனம் நடு ஸ்பீக்கரில்தானே வரும், அது இல்லாமல் எப்படி என்று கேட்கலாம். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்தால் குரல் திரையின் மையத்திலிருந்தே வருவதாகக் கேட்கும். ஓரத்தில் உட்காருபவருக்குத்தான் குரல் அவர் பக்கத்து ஸ்பீக்கருக்கு நகர்ந்துவிடும். உங்கள் வீட்டில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து படம் பார்ப்பீர்கள், படம்தான் முக்கியம், சோஃபாவுக்குப் பின்னால் ஒரு மீட்டராவது இடமும் இருக்கிறது என்றால் அப்போது ஐந்து ஸ்பீக்கரையும் ஓட்டும் ஏவி ரிசீவர் பக்கம் போங்கள்.

வாடகை அறையில் இருப்பவர்களுக்கு இரண்டுமே அதிகம். ஆம்பை உள்ளேயே வைத்திருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். இடம் மாறும்போது ஒரே பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம்.

இரண்டாம் படி: ஆம்பைத் திருப்பிப் பாருங்கள்

விற்பவர் முன்பக்கத்தைக் காட்டுவார். அங்கே வெள்ளிக் குமிழும் வாட் எண்ணும் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கத்தை. தினமும் அந்த ஆம்போடு நிம்மதியாக வாழ முடியுமா என்பதை அங்கிருக்கும் ஓட்டைகள்தான் தீர்மானிக்கும்.

முதலில் தேட வேண்டியது எச்டிஎம்ஐ ஆர்க். டிவியின் ஒலியை அதே எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ஆம்புக்குத் திருப்பி அனுப்பும் வசதி இது. 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. பின்னால் வந்த இ-ஆர்க் இன்னும் அகலமான பாதை, சுருக்கப்படாத பல சானல் ஒலியையும் கொண்டுபோகும். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் வைப்பவருக்குச் சாதாரண ஆர்க்கே தாராளம். இதில் பெரிய விஷயம் ஒலித்தரம் அல்ல, ரிமோட். ஆர்க்கில் இணைத்தால் டிவியைப் போட்டதும் ஆம்பும் விழித்துக்கொள்ளும், டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வசந்தம் ஒளிவழி பார்க்க உட்காரும் பாட்டிக்கு இரண்டாவது ரிமோட் ஒன்றைக் கொடுத்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதல் ஆம்ப் வாங்கிய வீடுகளில் பாதிச் சண்டை இந்த இரண்டாவது ரிமோட்டால்தான் வருகிறது என்பேன்.

ஆர்க் இல்லையென்றால் அடுத்தது ஆப்டிகல், அதாவது ஒலியை ஒளியாக அனுப்பும் கேபிள். ஒலி நன்றாகவே வரும். ஆனால் டிவி ரிமோட்டின் சத்தக் கட்டளை இந்த வழியாகப் போகாது, ஆம்பின் ரிமோட்டும் கையில் இருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டீரியோ ஆம்புகளில் பெரும்பாலானவை பிசிஎம் என்ற நேரடி வடிவத்தை மட்டும்தான் புரிந்துகொள்ளும். டிவியோ டால்பி வடிவத்தில் அனுப்பிக்கொண்டிருக்கும். விளைவு, யூடியூப் பாடும், ஓடிடியில் படம் போட்டால் மௌனம், அல்லது கரகர சத்தம். ஆம்ப் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம் என்று மாற்றிப் பார்க்க வேண்டும். ஆர்க்கில் இணைத்த ஸ்டீரியோ ஆம்புக்கும் இதே மருந்துதான்.

சிவப்பு வெள்ளை ஆர்சிஏ ஓட்டைகள் மட்டும் இருக்கும் ஆம்ப் என்றால் கவனம். உதாரணத்துக்கு சோனி எஸ்டிஆர்-டிஎச்190. விலைக்கு நல்ல ஸ்டீரியோ ரிசீவர், புளூடூத் உண்டு, ரெக்கார்டு பிளேயருக்கு ஃபோனோ இணைப்பும் உண்டு. ஆனால் ஆப்டிகலும் இல்லை, ஆர்க்கும் இல்லை. புதிய டிவிகள் பலவற்றில் அனலாக் வெளியீடே கிடையாது, ஆகவே டிவியின் டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்ற நடுவில் டேக் எனும் சின்ன மாற்றுப்பெட்டி ஒன்று தேவைப்படும். இசைக்கு மட்டும் என்றால் பிரச்சினையில்லை. டிவிக்கும் வேண்டுமென்றால் இதையெல்லாம் முன்னாலேயே தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பின்பக்கத்தில் தேட வேண்டிய இன்னொன்று சப்வூஃபர் வெளியீடு. இன்று சப்வூஃபர் வாங்கப் போவதில்லை என்றாலும் அந்த ஓட்டை இருக்கட்டும். ஐந்து அங்குல ஊஃபர் கொண்ட புத்தக அலமாரி ஸ்பீக்கர் ஏறக்குறைய 55, 60 ஹெர்ட்ஸ் வரைதான் தெம்பாக இறங்கும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அந்த இடைவெளி என்றாவது ஒருநாள் உங்களை உறுத்தும்.

புளூடூத் இப்போது எல்லாவற்றிலும் வருகிறது, அதைப் பெரிதாக எண்ண வேண்டாம். வைஃபை வழியாகப் பாட்டு எடுக்கும் ஆம்ப் அதைவிட மேல். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கைபேசியில் அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது.

மூன்றாம் படி: வாட் கணக்கு

அந்தக் காலத்து டேப் ரிக்கார்டரில் ஆயிரம் வாட் பிஎம்பிஓ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? உள்ளே இருந்தது நாலைந்து வாட். ஸ்டிக்கர்தான் மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

இணையத்தில் நூறு, நூற்றைம்பது வெள்ளிக்குக் கிடைக்கும் கையடக்க கிளாஸ் டி ஆம்புகளில் ஒரு பக்கத்துக்கு 300 வாட் என்று போட்டிருக்கும். கூடவே வரும் அடாப்டரைப் பாருங்கள். 32 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கினால் 160 வாட். சுவரிலிருந்து அவ்வளவுதான் வருகிறது. அதைவிட அதிகமாக ஆம்ப் தொடர்ந்து எங்கிருந்து கொடுக்கும்? உள்ளே வீணாவதைக் கழித்து இரண்டு சானலுக்குப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு 70 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கரில் இன்னும் குறையும். 300 என்பது உள்ளிருக்கும் சிப்பின் உச்ச வரம்பு, உங்கள் கைக்கு வருவதல்ல.

சரி, 50 வாட் போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்பீக்கர் விவரத்தில் சென்சிட்டிவிட்டி 86 டெசிபெல் என்று இருக்கிறது என்று வையுங்கள். ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 86 டெசிபெல் கேட்கும் என்று பொருள். சோஃபா 3 மீட்டரில் இருக்கிறது. தூரத்தால் கொஞ்சம் குறையும், இரண்டு ஸ்பீக்கர் என்பதாலும் சுவர்கள் திருப்பி அனுப்புவதாலும் கொஞ்சம் கூடும். உட்காரும் இடத்தில் ஏறக்குறைய 82 டெசிபெல் என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் படத்தைச் சத்தமாகப் பார்ப்பதென்றால் சராசரி 75 டெசிபெல். அதற்கு ஒரு வாட்டிலும் சிறு பங்கே போதும். திடீர் வெடிச்சத்தம் அதைவிட 20 டெசிபெல் மேலே, அதாவது 95 வரை எகிறட்டும். 82இலிருந்து 95க்கு 13 டெசிபெல், அது இருபது மடங்கு சக்தி. ஆக 20 வாட்.

நம் கூடங்களுக்கு உண்மையான 40, 50 வாட் இருந்தால் இன்னும் மிச்சம் இருக்கும். 50ஐ 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். வாட்டுக்காக இருநூறு வெள்ளி கூடக் கொடுப்பது வீண் என்று நான் சொல்வது அதனால்தான்.

எண்ணைவிட அதன் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சானலும் ஓடும்போது, 0.1 விழுக்காட்டுக்குக் குறைவான டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) என்று இருந்தால் நேர்மையான எண். 1 கிலோஹெர்ட்ஸ், ஒரே சானல், 10 விழுக்காடு டிஸ்டார்ஷன் என்று இருந்தால் பெரிதாகக் காட்டப் போட்ட எண். டெனான் பிஎம்ஏ-600என்ஈ 8 ஓமில் 45 வாட்தான் என்கிறது. அந்த 45 மேலே சொன்ன பல 300களை விட நம்பத்தக்கது.

ஓம் விஷயம் சுருக்கமாக: ஸ்பீக்கர் 6 அல்லது 8 ஓம் என்றால் கவலை இல்லை. 4 ஓம் ஸ்பீக்கர் ஆம்பிடம் இரண்டு மடங்கு மின்னோட்டம் கேட்கும். ஆம்பின் பின்புறத்தில் 4 ஓம் அனுமதி எழுதியிருந்தால் மட்டும் சேருங்கள்.

நான்காம் படி: காசைப் பிரியுங்கள்

மொத்தம் ஆயிரம் வெள்ளி என்று வைத்தால், பாதிக்குக் குறையாமல் ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். நல்ல இரண்டு ஆம்புகளுக்கு இடையே காது கண்டுபிடிக்கும் வித்தியாசம் சிறியது. இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே அது மலைக்கும் மடுவுக்கும். கேபிளுக்கு ஐம்பது வெள்ளி போதும். 16 கேஜ் செம்பு வயர் எடுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் அதே நிறத்தில் விற்கிறது, எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். நூறு வெள்ளி எச்டிஎம்ஐ கேபிளால் ஆர்க்கில் எந்த நன்மையும் இல்லை.

ஐந்தாம் படி: எந்தப் பெட்டி

கையில் மிகக் குறைவாகத்தான் இருக்கிறது என்றால் ஃபோசி, ஐயீமா போன்ற சீன நிறுவனங்களின் கையடக்க ஆம்ப். டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிபிஏ3255 சிப் உள்ளவை ஒலியில் ஏமாற்றுவதில்லை. ஆனால் பலவற்றில் ஆர்க் கிடையாது, சிலவற்றில் ரிமோட்டே கிடையாது. எழுந்து போய்க் குமிழைத் திருகத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும்.

டிவி, இசை இரண்டுக்கும் நான் கைகாட்டுவது அதற்கடுத்த ரகத்தைத்தான். ஆர்க், வைஃபை, சப்வூஃபர் வெளியீடு மூன்றும் கொண்ட ஸ்ட்ரீமிங் ஆம்ப். 2023இல் வந்த விம் ஆம்ப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 8 ஓமில் 60 வாட், புத்தகம் அளவுக்குத்தான் இடம் பிடிக்கும், சூடும் குறைவு.

ரெக்கார்டு பிளேயர் இருக்கிறது, குமிழைக் கையால் திருகினால்தான் திருப்தி என்பவர்களுக்கு மேலே சொன்ன டெனான் ஆம்ப். ஆப்டிகல், ஃபோனோ, சப்வூஃபர் வெளியீடு எல்லாம் உண்டு. ஆர்க் இல்லை, ஆகவே இரண்டாவது ரிமோட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

படம்தான் முக்கியம், இடமும் இருக்கிறது என்றால் தொடக்கநிலை ஏவி ரிசீவர். யமஹா ஆர்எக்ஸ்-வி385, டெனான் ஏவிஆர்-எக்ஸ்580பிடி போன்றவை 5 சானல் தரும். முதலில் இரண்டு ஸ்பீக்கரோடு தொடங்கி, பிறகு நடு ஸ்பீக்கரைச் சேர்க்கலாம். விளையாட்டுக் கருவி வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ உள்ளீடுகள் எந்தத் திறன் வரை கடத்தும் என்று பார்த்து வாங்குங்கள். டிவியின் ஆர்க்கையே நம்பினால் அந்தக் கவலையும் இல்லை.

ஆறாம் படி: எங்கே வாங்குவது

கேட்டுப் பார்த்து வாங்க கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் அடெல்ஃபி. மாடிக்கு மாடி ஹைஃபை கடைகள், சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து நடந்துவிடலாம். சில கடைகளின் விலைச்சீட்டு மயக்கம் தரும், பயப்பட வேண்டாம். என் பட்ஜெட் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறிய பொருள்களுக்கும் கேபிளுக்கும் சிம் லிம் ஸ்கொயர்.

கேட்கப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான பாட்டுகளையே கைபேசியில் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் ஜாஸ் எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கும்மென்று வந்து உடனே அடங்குகிறதா, இல்லை இழுத்துக்கொண்டே போகிறதா? ஸ்பீக்கரின் தரம் அங்கே தெரிந்துவிடும். பிறகு ஒரு நாதஸ்வரம். சத்தம் கூடும்போது காதைக் குத்தினால் வேறு ஸ்பீக்கரைக் கேளுங்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் வரி இல்லை என்ற எண்ணம் பழையது. 400 வெள்ளி வரையிலான பொருள்களுக்கும் 2023இலிருந்து பொருள் சேவை வரி உண்டு, 2024 முதல் விகிதம் 9 விழுக்காடு. அடாப்டரோடு வரும் ஆம்ப் என்றால் அடாப்டரில் சேஃப்டி மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே வோல்ட், அதே அளவு ஆம்பியர் கொண்ட முத்திரையுள்ள ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

தோக்கியோ சுற்றுலாவில் பழைய ஆம்புகள் கொள்ளை மலிவாகக் கண்ணில் படும். ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. நேரே செருகினால் புகைதான். தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களுக்கு இதில் சௌகரியம்: இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் இங்கே வாங்கிய ஆம்பை ஊருக்குக் கொண்டுபோனால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். உத்தரவாதம் அங்கே செல்லுமா என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பழைய பொருளுக்கு கேரோசல் இணையச் சந்தை நல்ல இடம். வீடு மாறுபவர்கள் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். நேரில் போய், அரை மணி நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரக்கிறதா, ஒரு பக்கம் சத்தம் குறைகிறதா, எதுவும் ஓடாதபோது ஹம் வருகிறதா என்று கவனியுங்கள். பழைய ஸ்பீக்கர் என்றால் துணியைக் கழற்றி ஊஃபர் ஓரத்து ஃபோமை மெல்லத் தொட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது பொடியாக உதிரும். பழுதான பொருளுக்குக் கடையைப் பொறுப்பாக்கும் லெமன் சட்டம் 2012இலிருந்து இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். பழைய பொருள் விற்கும் கடைக்கும் அது பொருந்தும். தனி ஆளிடம் வாங்கினால் பொருந்தாது.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்தபின்

ஆம்பை மூடிய அலமாரிக்குள் தள்ளாதீர்கள். நம் வெக்கைக்கு அது தாங்காது. ஏவி ரிசீவர் என்றால் மேலே ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள், செட்டாப் பெட்டியை அதன் தலையில் அடுக்க வேண்டாம்.

மின்சாரத்தை அணைத்துவிட்டு வயரை மாட்டுங்கள். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் சத்தம் வரும், ஆனால் பேஸ் காணாமல்போய், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. ஸ்பீக்கர்கள் காது உயரத்தில், ஒன்றுக்கொன்று இரண்டு மீட்டராவது தள்ளி, சற்றே உங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கட்டும். சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுத்தாலே குரல் தெளியும்.

டிவியில் எச்டிஎம்ஐ கேபிளை ஆர்க் என்று குறித்த ஓட்டையில்தான் செருக வேண்டும், மற்றவற்றில் ஒலி திரும்பி வராது. பிறகு அமைப்புக்குள் போய், ஒரே ரிமோட்டில் இரண்டையும் இயக்க உதவும் சிஇசி வசதியைப் போடுங்கள். எல்ஜி அதை சிம்ப்லிங்க் என்கிறது, சாம்சங் எனிநெட்+, சோனி பிரேவியா சிங்க். ஒலி வெளியீட்டை பிசிஎம் ஆக்குங்கள், ஏவி ரிசீவர் என்றால் மட்டும் அதற்கு மாறாக, ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூ. உதட்டசைவும் குரலும் ஒட்டாவிட்டால் அதே பக்கத்தில் ஒலித் தாமதம் என்று ஓர் அளவுகோல் இருக்கும், செய்தி வாசிப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நகர்த்திச் சரிசெய்யலாம்.

இரவில் படம் பார்ப்பவர்கள் நைட் மோடு தேடிப் போடுங்கள். வெடிச்சத்தத்தை அமுக்கி வசனத்தைத் தூக்கிக் கொடுக்கும், குழந்தை தூங்கும் வீட்டில் இதைவிடப் பயனுள்ள பொத்தான் இல்லை.

சப்வூஃபரை மட்டும் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். ஸ்பீக்கருக்குக் காது பழகிய பிறகும் அடி போதவில்லை என்று தோன்றினால் வாங்கலாம். கிராஸ்ஓவரை, அதாவது எந்த அளவுக்குக் கீழே சப்வூஃபர் ஒலிக்க வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள். உயரமான குரல் சுவரில் ஓரளவு நின்றுவிடும், தாழ்ந்த பேஸ் கான்கிரீட் தளத்தோடு அடுத்த வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் போகும். பெட்டிக்கு அடியில் தடித்த ஃபோம் பலகை ஒன்றைப் போட்டு, பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே கீழ்வீட்டுக்காரரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கேட்கிறது என்றால் சப்வூஃபரின் பின்னால் இருக்கும் குமிழை அவர் சொல்லும் அளவுக்குக் குறைத்து, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.